நட்சத்திரம் வந்தால் கூட்டம் எவ்வளவு கூடும்? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வழி

2024 அக்டோபர் 2, புதன்கிழமை இரவு. அமெரிக்காவில் எங்கள் ஊர்க் கால்பந்து அணியான கொலம்பஸ் க்ரூவும் மெஸ்ஸியின் இன்டர் மயாமியும் மோதின. மெஸ்ஸி இரண்டு கோல் போட்டார், மயாமி 3-2 என்று ஜெயித்தது. மைதானத்தில் இருந்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம் பேர். அடுத்த ஏப்ரல் 19-ஆம் தேதி அதே இரண்டு அணிகள், அதே மெஸ்ஸி. ஆட்டத்தை மட்டும் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிளீவ்லாந்துக்கு மாற்றியிருந்தார்கள். கூட்டம் 60,614.

ஆறேழு மாசத்தில் மெஸ்ஸியின் மவுசு மூன்று மடங்கு ஏறிவிட்டதா என்ன? கொலம்பஸ் மைதானத்தில் இருக்கையே அவ்வளவுதான். கிளீவ்லாந்தில் இருப்பது அமெரிக்கன் ஃபுட்பாலுக்காகக் கட்டிய பெரிய ஸ்டேடியம். ஒரு நட்சத்திர வீரரை வாங்கினால் கூட்டம் எவ்வளவு கூடும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் இந்த இரண்டு ஆட்டங்களைத்தான் காட்டுவேன்.

நான் இங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எண்களோடு மாரடிக்கிறவன். சனிக்கிழமை என்றால் க்ரூ ஆட்டம். என் அக்கா மகள் கோவையில் புள்ளியியல் படிக்கிறாள். புராஜெக்டுக்கு இதையே எடுத்துக்கொண்டு, "மாமா, டேட்டா எல்லாம் நெட்ல இருக்கு. அவர் வர்றதுக்கு முன்னாடி ஆவரேஜ், வந்ததுக்கு அப்புறம் ஆவரேஜ், ரெண்டையும் கழிச்சா போதும்ல?" என்று கேட்டாள். போதாது. ஏன் போதாது, அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு எழுதியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன். எக்ஸெல் தெரிந்தால் போதும்.

அட்டவணையில் என்னென்ன வேண்டும்

ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரி. சீசன் சராசரிகளைத் தொடவே வேண்டாம். தேதி, கிழமை, சொந்த அணி, வந்த அணி, எந்த மைதானம், அன்றைக்கு விற்பனைக்கு வைத்த இருக்கை எத்தனை, அறிவித்த கூட்டம் எவ்வளவு. இவை எல்லாரும் போடுவது. இன்னும் மூன்று பத்திகள் (எக்ஸெலில் காலம்) அவசியம்: நட்சத்திரம் அணிக்கு வருவது உறுதியான தேதி, அந்த ஆட்டத்தில் அவர் ஆடினாரா, ஆடமாட்டார் என்று எப்போது தெரிந்தது. கடைசியில் ஒரு குறிப்புப் பத்தி வைத்துக்கொள்ளுங்கள். சீசனின் முதல் ஆட்டம், பக்கத்து ஊர்ப் பகை, விடுமுறை நாள், வாணவேடிக்கை இரவு என்று எதெல்லாம் தானாகவே கூட்டம் சேர்க்குமோ அதையெல்லாம் அங்கே எழுதுங்கள்.

'அன்றைக்கு விற்பனைக்கு வைத்த இருக்கை' என்று சொன்னதைக் கவனியுங்கள். மைதானத்தின் மொத்த இருக்கையும் இதுவும் ஒன்றல்ல. அட்லாண்டா மாதிரி ஊர்களில் சாதாரண ஆட்டத்துக்கு மேல் அடுக்கை மூடி வைத்துவிடுவார்கள். பெரிய ஆட்டம் என்றால்தான் திறப்பார்கள்.

அறிவித்த கூட்டம் என்பதிலும் ஒரு விஷயம் உண்டு. இந்த அணிகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்து லீக்கான எம்.எல்.எஸ்.-இல் சொல்லப்படும் எண், கொடுத்த டிக்கெட்டுகளின் எண்ணிக்கை. கேட்டைத் தாண்டி உள்ளே வந்த தலைகளின் எண்ணிக்கை அல்ல. மழை நாளில் பாதி இருக்கை காலியாகக் கிடக்கும்போது பெரிய திரையில் பத்தொன்பதாயிரம் என்று வரும். எங்கள் வரிசையில் எல்லாரும் சிரிப்போம். நமக்கு இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: நட்சத்திரத்தால் டிக்கெட் விற்றதா என்ற கேள்விக்கு இந்த எண்ணே நேரான பதில்.

நிரம்பிய மைதானம் எதையும் சொல்லாது

இதுதான் இந்தக் கணக்கின் உயிர்நாடி, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மெஸ்ஸி 2023 ஜூலையில் மயாமிக்கு வந்தார். அதற்கு முந்தைய வருடம் அந்த அணியின் சொந்த ஆட்டங்களுக்குச் சராசரியாக வந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். ஃபோர்ட் லாடர்டேலில் இருந்த அவர்களுடைய மைதானத்தில் பதினெட்டாயிரம் இருக்கைகள்தான். அவர் வந்ததும் மூலைகளில் புதிதாக இருக்கைகள் போட்டு இருபத்தோராயிரம் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். தினமும் நிரம்பினாலும் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பதாயிரம் பேருக்கு மேல் கூட வழியில்லை. சீசனுக்குப் பதினேழு சொந்த ஆட்டம். பெருக்கினால் ஒன்றரை லட்சம். 'உலகத்திலேயே பெரிய நட்சத்திரம் வந்தும் ஒரு வருடத்தில் ஒன்றரை லட்சம்தானா' என்று முடிவு கட்டினால், நீங்கள் அளந்தது மெஸ்ஸியை அல்ல, மைதானத்தின் சுவரை.

ஆகவே முதல் வேலை, வெளியூர் ஆட்டங்களுக்குப் போவது. 2024 ஏப்ரல் 13 அன்று கான்சஸ் சிட்டி அணி தன்னுடைய சிறிய மைதானத்தை விட்டுவிட்டு, அதே ஊர் ஆரோஹெட் ஸ்டேடியத்தில் மெஸ்ஸியைச் சந்தித்தது. கூட்டம் 72,610. சொந்த மைதானத்தில் பத்தொன்பதாயிரம் பேரைத் தாண்டுவதே பெரிய பாடு. அந்த ஒரே மாலையில் கூடியது ஐம்பதாயிரத்துக்கு மேல். அதாவது மயாமி தன் ஊரில் ஒரு முழு சீசனில் கூட்டக்கூடியதில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு வாரம் கழித்து பாஸ்டன் பக்கம் ஜில்லெட் ஸ்டேடியத்தில் 65,612. அங்கே வழக்கமாக வருவது இருபது முப்பதாயிரத்துக்குள்.

வாங்கின அணியின் மைதானத்தைவிட எதிரணிகளின் மைதானங்களில்தான் கூட்டம் அதிகம் கூடியது என்பதே இதற்கு அர்த்தம். ஜெர்மன் லீக்கை வைத்து 2008-ல் வந்த ஒரு ஆய்விலும் இதே வாசனை அடித்தது: உள்ளூர் அபிமான வீரர்கள் சொந்த மண்ணில் மட்டும் ஆள் சேர்க்கிறார்கள், பெரும் நட்சத்திரங்கள் போகிற ஊரிலும் சேர்க்கிறார்கள்.

அட்டவணையில் இதை எப்படிக் கையாள்வது? கூட்டத்தை அன்றைய இருக்கையால் வகுத்து ஒரு பத்தி போடுங்கள். 97 சதவீதத்துக்கு மேல் இருக்கும் வரிகளுக்கு வேறு நிறம் கொடுங்கள். அந்த வரிகளில் இருக்கும் எண் 'குறைந்தபட்சம் இவ்வளவு பேர்' என்று மட்டும் சொல்கிறது. உண்மையான தேவை அதற்கு மேல் எங்கேயோ இருக்கிறது. நிறமில்லாத வரிகளில்தான் தெளிவான விடை கிடைக்கும். ரெக்ரெஷன் போடத் தெரிந்தவர்கள் சாதாரண ரெக்ரெஷனைப் போடாமல் டோபிட் என்கிற வகையைப் போடுங்கள். உச்சவரம்பில் முட்டி நிற்கும் எண்களை அது முட்டி நிற்பவையாகவே எடுத்துக்கொள்ளும். பெக்காம் காலத்து ஆய்வுகளிலேயே இந்தக் கருவியைப் பயன்படுத்திவிட்டார்கள்.

ஆடினாரா என்று பார்க்காதீர்கள்

அக்கா மகள் போட்டிருந்த அட்டவணையில் 'மெஸ்ஸி ஆடினார்: 1, ஆடவில்லை: 0' என்று ஒரு பத்தி இருந்தது. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 2023 செப்டம்பர் 16 அன்று அட்லாண்டாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். மெஸ்ஸி அணியோடு பயணமே செய்யவில்லை. கூட்டம் 71,635. அட்லாண்டா 5-2 என்று வெளுத்துவிட்டது. அக்டோபர் 4-ஆம் தேதி சிகாகோவில் காயம் காரணமாக அவர் இல்லை. கூட்டம் 62,124, அதுவரைக்கும் அந்த அணியின் வரலாற்றிலேயே அதிகம். 2024 மே 25-ஆம் தேதி வான்கூவரில் மெஸ்ஸியும் மயாமியின் மற்ற நட்சத்திரங்களான சுவாரஸ், புஸ்கெட்ஸும் மூவருமே வரவில்லை, கூட்டம் 51,035.

அந்த 0-வை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டால், மெஸ்ஸி இல்லாத ஆட்டத்துக்கும் அறுபதாயிரம் பேர் வருகிறார்கள், ஆகவே மெஸ்ஸியால் ஒன்றுமில்லை என்று கம்ப்யூட்டர் கூசாமல் சொல்லும். டிக்கெட் வாங்கின அன்றைக்கு வாங்கினவர் மனசில் யார் இருந்தார் என்பதுதான் கேள்வி. எனவே பத்தியின் தலைப்பை மாற்றுங்கள்: 'டிக்கெட் விற்ற காலத்தில் நட்சத்திரம் வருவார் என்று நம்பினார்களா?' சிகாகோவுக்கும் வான்கூவருக்கும் அட்லாண்டாவுக்கும் அதில் 1.

வரவில்லை என்று தெரிந்த பிறகு என்ன ஆனது என்பது வேறொரு கணக்கு. அதை மறுவிற்பனை விலையில் தேடுங்கள். கூட்ட எண்ணிக்கை அசையாது, விலைதான் சரியும். அணிகள் தாமாகவே கொடுத்த நஷ்டஈடும் ஒரு தடயம். சிகாகோ அணி அடுத்த வருட டிக்கெட்டுகளில் தள்ளுபடி கொடுத்தது. வான்கூவர் அணி அன்றைக்குத் தீனி, பானம் எல்லாம் பாதி விலை என்றது. அப்படியும் வழக்கு வரைக்கும் போனது. ஒருவர் வராததற்கு அணி மன்னிப்புக் கேட்கிறது என்றால், விற்றது யாருடைய பெயரை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எதோடு ஒப்பிடுவது

கிளீவ்லாந்து ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பக்கத்தில் பிட்ஸ்பர்கிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம். மயாமியின் இளஞ்சிவப்பு பனியன் போட்ட பையன் ஒருவன். அவனுடைய அப்பா, "சார், மஞ்சள் சட்டைக்காரங்க யாரு?" என்று கேட்டார். சொந்த அணியே அதுதான்! மெஸ்ஸி பந்தைத் தொட்டால் செல்போன்கள் உயரும், பந்து அவரை விட்டுப் போனால் இறங்கும். அந்த அறுபதாயிரத்தில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை, கொலம்பஸிலிருந்து வழக்கம்போல வந்தவர்கள் எத்தனை, பெரிய கால்பந்து லீக் அணியே இல்லாத கிளீவ்லாந்தில் 'நம்ம ஊருக்கே வருதே' என்று வந்தவர்கள் எத்தனை? மொத்தத்தில் இருபதாயிரத்தைக் கழித்துவிட்டு மீதியெல்லாம் மெஸ்ஸி என்று எழுத மனம் ஒப்பவில்லை. இடம் மாறியதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அதனால் ஒப்பிடுவதற்கு ஒரு நல்ல ஜோடி தேட வேண்டும். அட்லாண்டாவையே மறுபடியும் எடுத்துக்கொள்வோம். வழக்கமான நாற்பதாயிரத்துச் சொச்சத்தை 71,635-இலிருந்து கழித்தால் இருபதாயிரத்துக்கு மேல் வரும். ஆனால் அதே மைதானத்தில் 2018 மார்ச்சில் சீசனின் முதல் சொந்த ஆட்டத்துக்கே 72,035 பேர் வந்தார்கள். அந்த வருடக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு 73,019. அப்போது மெஸ்ஸி பார்சிலோனாவில் இருந்தார். மேல் அடுக்கைத் திறந்தால் நிரப்புகிற ஊர் அது. அங்கே சாதாரண நாளோடு ஒப்பிடாமல், மேல் அடுக்கு திறந்த மற்ற நாட்களோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் வித்தியாசம் கிட்டத்தட்ட கரைந்துவிடுகிறது.

ஷார்லட் இன்னொரு சிக்கல். 2023 அக்டோபர் 21-இல் அறுபத்தாறாயிரம் பேர் வந்தார்கள், வழக்கத்தைவிட முப்பதாயிரம் அதிகம். ஆனால் அது சீசனின் கடைசி நாள், ஷார்லட்டுக்கு பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான அடுத்த சுற்று வாய்ப்பு அந்த ஆட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, 1-0 என்று ஜெயித்து உள்ளே போனார்கள். மயாமிக்கோ போட்டியில் ஒன்றும் மிச்சமில்லை. யாருக்காக வந்தார்கள்? இரண்டுக்கும்தான். இந்த வரியைக் குறிப்போடு ஒதுக்கி வைப்பேன்.

சிகாகோ என் கண்ணுக்குச் சுத்தமான வரி. அந்த வருடம் மற்ற ஆட்டங்களுக்குப் பதினைந்தாயிரத்தை ஒட்டித்தான் வந்தார்கள். அதே மைதானம், அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கை எப்போதும் இருக்கிறது, சிகாகோ ஒன்றும் பட்டியலில் உச்சத்தில் இல்லை, ஆட்டம் புதன்கிழமை இரவு. கூடிய நாற்பத்தைந்தாயிரத்துக்கு வேறு காரணம் தேடினால் கிடைக்காது.

2023-இன் பிற்பாதியில் தொடங்குங்கள்

2023 சீசனின் ஆட்ட அட்டவணை 2022 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. மெஸ்ஸி வரப்போகிறார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. எனவே அந்த ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் ஆட்டங்களில் கிழமையும் எதிரணியும் அவரை மனசில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டவை அல்ல. 2024-இலிருந்து கதை மாறிவிட்டது. அவருடைய ஆட்டங்களுக்கு நல்ல கிழமை, பெரிய மைதானம், முன்கூட்டியே விளம்பரம். சனிக்கிழமை மாலை என்பதால் வந்தவரையும் மெஸ்ஸி கணக்கில் சேர்த்துவிடும் ஆபத்து அங்கே உண்டு. மாணவர்கள் பெரும்பாலும் எண்கள் நிறைய இருக்கிறதே என்று 2024-ஐ எடுக்கிறார்கள். எண்கள் குறைவாக இருந்தாலும் 2023-இன் பிற்பாதிதான் நம்பகமானது.

இன்னொரு சின்ன எச்சரிக்கை: லீக் முழுவதுக்குமான சராசரியைக் காட்டி 'மெஸ்ஸியால் லீக்கே உயர்ந்தது' என்று எழுதாதீர்கள். புதிய அணிகள் உள்ளே வரும்போதும் சராசரி நகரும். எங்கள் க்ரூவையே பாருங்கள். பதினாறு சொந்த ஆட்டத்துக்கு இருபதாயிரம் பேர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே கிளீவ்லாந்து ஆட்டம் பதினேழு ஆட்டச் சராசரியை இரண்டாயிரத்து நானூறு அளவுக்குத் தூக்கிவிடுகிறது. பன்னிரண்டு சதவீத வளர்ச்சி என்று தலைப்புப் போடலாம். கொலம்பஸில் ஒரு இருக்கைகூடப் புதிதாக நிரம்பவில்லை. சராசரிக்குப் பதிலாக இடைநிலையை, அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மீடியனை எடுத்தால் இந்தத் தொல்லை போய்விடும்.

புதுமை தீர்ந்த பிறகு

முதல் நாள் முதல் காட்சிக் கூட்டத்தை வைத்துப் படம் எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாதில்லையா, அதேதான் இங்கேயும். ஒரு ஊருக்கு நட்சத்திரம் முதல் தடவை வருகிறாரா, இரண்டாம் தடவையா என்று ஒரு பத்தி போடுங்கள். சிகாகோவுக்கு 2025 ஏப்ரலில் மயாமி மறுபடி வந்தபோது 62,358 பேர். புதுமை கொஞ்சமும் குறையவில்லை என்று தோன்றும். அதற்கு முன்னால் மயாமி வந்தபோதெல்லாம் அவர் ஆடவே இல்லையே! மயாமி சட்டையில் அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் முதல் தரிசனம். அட்டவணையில் 'மறு வருகை' என்று போட்டால் தப்பான விடை வரும்.

நீண்ட காலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய இரண்டு கதைகள் இருக்கின்றன. பெக்காம் 2007-இல் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸிக்கு வந்தார். அந்த ஆகஸ்டில் நியூயார்க் அணியின் மைதானத்துக்கு அவர் வந்தபோது 66,237 பேர். அதே நியூயார்க் அணிக்கு அந்த சீசனின் சராசரி, இந்த ஆட்டத்தையும் சேர்த்தே, பதினேழாயிரத்தைத் தாண்டவில்லை. கேலக்ஸி 2007-லும் 2008-லும் பிளேஆஃபுக்கே போகவில்லை. இருந்தும் 27,000 பேர் கொள்ளும் சொந்த மைதானத்தில் 2008 சராசரி 26,000-ஐ ஒட்டி நின்றது. வெற்றியால் வந்த கூட்டம் எது, நட்சத்திரத்தால் வந்த கூட்டம் எது என்று பிரித்துப் பார்க்க இதைவிட வசதியான உதாரணம் கிடைக்காது, ஏனென்றால் வெற்றியே இல்லை.

பெலே கதை நேர்மாறு, எல்லாம் பின்னிக் கிடக்கும். நியூயார்க் காஸ்மோஸுக்கு 1974-இல் ஒரு ஆட்டத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு பேர் வந்தார்கள். பெலே 1975 ஜூனில் சேர்ந்தார்; அந்த வருடம் பத்தாயிரத்துச் சொச்சம். 1976-இல் பதினெட்டாயிரம், 1977-இல் முப்பத்துநாலாயிரம். 1977 அக்டோபரில் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். 1978-இல் சராசரி நாற்பத்தேழாயிரத்தைத் தாண்டியது! முன்னும் பின்னும் கழித்துப் பார்க்கிறவர் பெலே போனதால் கூட்டம் கூடியது என்று எழுத வேண்டியிருக்கும். இடையில் நடந்தவற்றைப் பாருங்கள். ராண்டல்ஸ் தீவின் கரடுமுரடான மைதானத்திலிருந்து யாங்கி ஸ்டேடியம், அங்கிருந்து ஜயன்ட்ஸ் ஸ்டேடியம் என்று இரண்டு தடவை இடம் மாறினார்கள். கினாலியா, பெக்கன்பவர் என்று வேறு நட்சத்திரங்கள் வந்தார்கள், கோப்பையும் வந்தது. இதில் பெலேயின் பங்கைத் தனியாகப் பிரிக்க முடியாது. இப்படிப்பட்ட கதையை எண்ணோடு விளையாடாமல், வரைபடத்தில் போட்டு, பக்கத்தில் என்ன நடந்தது என்று எழுதிவிடுவதே நேர்மை. 1984-இல் பதின்மூவாயிரத்துக்கும் கீழே இறங்கினார்கள், அதோடு லீக்கே படுத்துவிட்டது.

எல்லா நட்சத்திரமும் நட்சத்திரமா?

இல்லை. அணிக்காரர்கள் நட்சத்திரம் என்றுதான் சொல்வார்கள், விமான நிலையத்தில் மாலையும் போடுவார்கள். நான் வைத்திருக்கும் சோதனை எளிமையானது: அவர் வருகிறார் என்று எந்த எதிரணியாவது தன் மைதானத்தை மாற்றியதா, மேல் அடுக்கைத் திறந்ததா? மெஸ்ஸிக்குச் செய்தார்கள். இத்தாலியின் இன்சின்யேயைப் பெரும் சம்பளம் கொடுத்து டொரன்டோ 2022-இல் அழைத்துவந்தது. அருமையான ஆட்டக்காரர், ஐரோப்பியக் கோப்பை வென்றவர். அவருக்காக யாரும் எங்கும் பெரிய ஸ்டேடியத்தை வாடகைக்கு எடுக்கவில்லை. டொரன்டோ 2023-இல் கடைசி இடத்தில் முடித்தது. நேர்மாறாக, 2004-இல் வாஷிங்டன் அணிக்கு ஆட வந்த ஃப்ரெடி அடு பதினாலு வயசுப் பையன். ஆட்டம் இன்னும் முற்றவில்லை, பெயர் மட்டும் முற்றியிருந்தது. அவரைப் பார்க்கவே வெளியூர்களில் ஆயிரக்கணக்கில் கூடுதலாக வந்தார்கள். கூட்டத்தைக் கூட்டுவது திறமையைவிடப் புகழ்தான் என்பது என் கட்சி. அதிலும் கால்பந்தே பார்க்காதவர்களுக்கும் தெரிந்த புகழாக இருக்க வேண்டும்.

விடையை எப்படி எழுதுவது

ஒற்றை எண் வேண்டாம். வழக்கமாகக் காலி இருக்கை இருக்கும் மைதானங்களை மட்டும் எடுங்கள். முதல் வருகையை மட்டும் எடுங்கள். குறிப்புப் பத்தியில் வேறு காரணம் எழுதியிருக்கும் வரிகளை விலக்குங்கள். மிஞ்சுவது ஒரு கைப்பிடி ஆட்டங்கள்தான். ஒவ்வொன்றிலும் அந்த மைதானத்தின் மீடியனைக் கழியுங்கள். சிகாகோவில் குறைந்தபட்சம் நாற்பத்தைந்தாயிரம், பாஸ்டன் பக்கம் குறைந்தபட்சம் நாற்பதாயிரத்தை ஒட்டி என்று வரும். கான்சஸ் சிட்டி, கிளீவ்லாந்து இரண்டையும் 'இடம் மாற்றியவை' என்று தனி வரியில் போடுங்கள். நிரம்பிய சின்ன மைதானங்களுக்கு 'அளக்க முடியவில்லை' என்றே எழுதுங்கள், பூஜ்யம் என்று எழுதாதீர்கள். அப்புறம் அவருடைய ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு மூன்று சொந்த ஆட்டங்களையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மெஸ்ஸி டிக்கெட்டை வேறு சில ஆட்டங்களோடு சேர்த்துக் கட்டி விற்பது அணிகளின் வழக்கம். அந்தக் கட்டில் வந்த டிக்கெட்டுகள் மற்ற ஆட்டங்களின் எண்ணையும் தூக்கியிருக்கும். அப்படியானால் நீங்கள் கழித்த மீடியனிலேயே மெஸ்ஸி கொஞ்சம் கலந்திருப்பார். அவர் வருவதற்கு முந்தைய வருடத்தின் மீடியனையும் எடுத்து இரண்டு விதமாகவும் கழித்து, இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.